உதவும் தம்பி

"அந்தம்மாவை நான் நேர்ல பாக்கணும் சார்."

மேனேஜரின் கையிலிருந்த காபிக் கோப்பை வாய்க்கும் மேசைக்கும் நடுவே அப்படியே நின்றது. பக்கத்து மேசைகளில் தட்டச்சுச் சத்தம் ஓய்ந்தது. கீழே டயர் கடையில் யாரோ இரும்பை இரும்பால் அடித்துக்கொண்டிருந்தான். அது மட்டும் நிற்கவில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவளிடம் சொல்லிவிட்டார்கள்: புரோகிராம் எழுதுகிறவர்கள் கஸ்டமர் இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்கக் கூடாது. போன் கூடாது, மெயில் கூடாது, நேரில் பார்ப்பது கூடவே கூடாது. எதுவானாலும் மேனேஜர் வாய்வழியாகத்தான் போக வேண்டும், வர வேண்டும். "நீங்கல்லாம் உண்மையைப் போட்டு உடைச்சிடுவீங்கம்மா, அதான் தொல்லை" என்று அன்று சிரித்தார். அவளும் சிரித்து வைத்தாள். வேலை கிடைத்த சந்தோஷத்தில் மனுஷி எதற்கு வேண்டுமானாலும் சிரிப்பாள்.

"எந்தம்மாவை?" என்றார், தெரியாதவர் போல.

"கை போனவங்களை."

"எதுக்கு?"

"தம்பிக்கு என்ன எழுதுனாங்கன்னு கேக்கணும்."

தம்பி என்பது ஆளில்லை. பெரிய லாண்டரி ஒன்றுக்காக இவள் எழுதிக்கொடுத்த பதில் சொல்லும் புரோகிராம். ஆஸ்பத்திரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் மூட்டை மூட்டையாகப் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுக்கிற இடம் அது. அங்கே வேலை செய்கிறவர்கள் லீவு, ஷிப்டு, மெஷின் கோளாறு எதுவானாலும் சூப்பர்வைசரைத் தேடி ஓடாமல் போனிலேயே சொல்லலாம் என்று ஏற்பாடு. 'உதவும் தம்பி' என்று பெயர் வைத்து, காதில் ஹெட்போன் மாட்டிச் சிரிக்கும் ஒரு பையனின் படத்தையும் ஒட்டியது மேனேஜர்தான். "மெஷின்னு தெரிஞ்சா பேச மாட்டாங்க. முகம் வேணும்" என்றார்.

முகத்துக்குப் பின்னால் இருந்த மூளை என்னவோ ரொம்பச் சின்னது. வேலைக்கு வந்த புதிதில் அவள் எழுதிய முதல் புரோகிராம். சொற்களின் வரிசை ஒன்று. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பதில். வருகிற செய்தியில் அந்தச் சொல் இருக்கிறதா என்று தம்பி மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே போவான். முதலில் எது தட்டுப்படுகிறதோ அதற்கான பதிலைச் சொல்லிவிட்டு, வேலை முடிந்தது என்று படுத்துவிடுவான். 'லீவு' என்றால் லீவுக்கான பதில். 'ரோலர்', 'நிக்கல', 'ஓடல', 'கோளாறு' என்றால் பராமரிப்புப் பிரிவுக்குத் தகவல் பறக்கும், ஆள் வருவான். பத்தாம் வகுப்புப் பிள்ளைகூட எழுதிவிடும்.

போன வாரம் அந்த லாண்டரியில் விரிப்புகளைச் சூட்டில் அழுத்தித் தேய்க்கிற ரோலருக்குள் ஒரு தொழிலாளியின் வலது கை போய்விட்டது. ரோலருக்கு முன்னால் ஒரு கம்பி உண்டு. கை பட்டால் உருளை நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை. கம்பி வேலை செய்யவில்லை என்று தம்பியிடம் பலமுறை சொன்னேன் என்கிறாள் அந்த அம்மாள். அப்படிப் புகாரே வரவில்லை என்கிறது லாண்டரி. இன்று சாயங்காலம் லாண்டரியில் விசாரணை. சொல்லாமல் விட்டது அவள் தப்பு என்று முடிவானால் அஜாக்கிரதை என்று அவள் பெயரில் எழுதி, வேலையை விட்டும் அனுப்பிவிடுவார்கள்.

"அவங்க என்ன எழுதுனாங்கன்னுதான் பதிவுல இருக்கே" என்று திரையைத் திருப்பிக் காட்டினார் மேனேஜர்.

இருந்தது. ஆனால் செய்தி இல்லை. தொழிலாளிகள் எழுதுவதையெல்லாம் சேர்த்து வைக்க வேண்டாம் என்பது லாண்டரிக்காரர்களின் கட்டளை. எந்தச் சொல்லைத் தம்பி பிடித்தான் என்பது மட்டும் பதிவாகும். அந்த அம்மாளின் எண்ணுக்கு நேரே வரிசையாக ஒரே சொல்: வணக்கம். வணக்கம். வணக்கம். மறுபடியும் வணக்கம்.

"பாவம், தனியா இருந்திருக்கும்" என்றார் மேனேஜர். "தம்பி சிவப்பா வேற இருக்கான். சும்மா சும்மா வணக்கம் சொல்லிக் கொஞ்சிக்கிட்டு இருந்திருக்கு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் சிரிப்பு தொண்டையிலேயே செத்தது. ஆபீசில் அவளுக்கு 'வெடுக்கு' என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேராக யாரும் கூப்பிட்டதில்லை.

"சோதிச்சுப் பாத்தியா இல்லையா?"

"பாத்தேன்."

காலையிலிருந்து அதுதான் வேலை. 'ரோலர் நிக்கல' என்று அடித்தாள்: 'உங்கள் புகார் பராமரிப்புப் பிரிவுக்கு அனுப்பப்பட்டது.' 'மூணாம் மெஷின் கோளாறு' என்று அடித்தாள்: அனுப்பப்பட்டது. 'ரோலர் கம்பி வேலை செய்யல, கை போயிடும்' என்று அடித்தாள்: அனுப்பப்பட்டது. எதைப் போட்டாலும் சரியான பதில். குற்றம் கண்டுபிடிக்க முடியாதபடி ஒரு புரோகிராம் ஒழுங்காக ஓடுவதைப் பார்த்து அவளுக்கு வயிறு எரிந்தது இதுவே முதல் தடவை.

"அப்புறம் என்ன? இதுல ஒரு கையெழுத்துப் போடு." காகிதத்தைத் தள்ளினார். மென்பொருள் சரிவர இயங்குகிறது, மேற்படி தொழிலாளியிடமிருந்து புகார் எதுவும் வரவில்லை, இப்படிக்கு இதை உருவாக்கியவர். "நான் எடுத்துட்டுப் போய்க் குடுத்திடுறேன். நீ அங்க வரவே வேண்டாம்."

அவள் காகிதத்தைத் தொடவில்லை. "ஒரு ஆளு வேலை நேரத்துல இத்தனை தடவை வெறும் வணக்கம் எதுக்கு சார் சொல்லணும்? எனக்குப் புரியல. புரியாம கையெழுத்துப் போட மாட்டேன்."

"உனக்குப் புரிய வேண்டாம்மா. புரோகிராமுக்குப் புரிஞ்சா போதும்."

"சாப்பாட்டு நேரத்துல நான் எங்க போறேன்னு யாரும் கேக்க முடியாதுல்ல?"

பதிலுக்குக் காத்திருக்காமல் பையை எடுத்தாள். மூலையிலிருந்த சீனியர், எல்லோரும் 'கண்ணாடி' என்று கூப்பிடுகிறவர், கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். எதையும் பார்க்க வேண்டாம் என்று தோன்றும்போதெல்லாம் அவர் செய்கிற காரியம் அது.

ஆஸ்பத்திரியில் லாண்டரி பெயரைச் சொன்னதும் வார்டைக் காட்டினார்கள். கடைசிக் கட்டில். தலையணை அளவுக்குக் கட்டுப்போட்ட ஒரு கையைக் கம்பியிலிருந்து தொங்கவிட்டிருந்தார்கள். மணிக்கட்டுக்குக் கீழே அந்தக் கட்டு தட்டையாக முடிந்துவிட்டது. அவள் அதைப் பார்த்துவிட்டு, பார்க்காதது போல ஜன்னலைப் பார்த்தாள்.

அந்த அம்மாளுக்கு லாண்டரியில் மடிப்பக்கா என்று பேர். விரிப்பின் நாலு மூலையும் அவள் கையில் தானாகவே வந்து சேரும் என்பார்களாம். இப்போது இடது கையை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு துண்டை வயிற்றின் மேல் போட்டு மடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கத்தை இழுத்தால் மறுபக்கம் நழுவியது.

பக்கத்து ஸ்டூலில் அவளுடைய நாத்தனார். வாயைப் பார்த்ததுமே தெரிந்தது, அந்த வீட்டின் பூட்டும் சாவியும் இவள்தான் என்று.

"கம்பெனியிலேர்ந்தா? வாங்க வாங்க. கையெழுத்து வாங்கத்தானே வந்தீங்க? கையைத்தான் உங்க மெஷின் தின்னுடுச்சே, இனி எதால போடுவா? கட்டை விரலாவது மிச்சம் வச்சிருந்தா உருட்டி எடுத்துட்டுப் போயிருக்கலாம்."

"நான் லாண்டரி இல்ல. அந்த... தம்பி புரோகிராம் எழுதுற கம்பெனி."

"தம்பி கம்பெனியா!" மடிப்பக்காவின் முகம் மலர்ந்தது. வலியில் வற்றிப்போன முகம் அப்படி மலர்ந்ததைப் பார்க்க இவளுக்கு என்னவோ செய்தது. "சும்மா இரேன் நீ. வந்த புள்ளைய உக்காரச் சொல்லாம ஏசிக்கிட்டு. வணக்கம் கண்ணு. வெயில்ல வந்தியா? சாப்பிட்டியா? அண்ணி, அந்தப் பழத்தைக் குடேன் அதுக்கு."

"நீங்க தம்பிக்கு என்ன எழுதுனீங்க?" என்று கேட்டாள் இவள், நின்றபடியே.

நாத்தனாரின் புருவம் ஏறியது. "வணக்கம் சொன்னா திருப்பிச் சொல்ல மாட்டீங்களோ? படிச்ச புள்ளைங்க வழக்கமா இது?"

இவள் யாருக்கும் வணக்கம் சொல்வதில்லை. அது மறதி இல்லை, வைராக்கியம். கிட்டங்கியில் மூட்டை தூக்குகிற அவளுடைய அப்பா, எந்த ஆபீஸ் ஜன்னலுக்கு முன்னால் போய் நின்றாலும் முதலில் கும்பிடுவார். உள்ளே இருப்பவன் அவருடைய மகன் வயசாக இருந்தாலும் "ஐயா வணக்கமுங்க" என்பார். பிறகு சுகம் விசாரிப்பார். பிறகு தொந்தரவுக்கு மன்னிக்கச் சொல்வார். அதற்குள் ஜன்னல் சாத்திவிடும். அவருடைய விரலைப் பிடித்துக்கொண்டு சின்ன வயதில் நின்ற எத்தனையோ வரிசைகளில் ஒன்றில் அவள் முடிவு செய்தாள்: நான் படிப்பேன், எவன் முன்னாலும் இப்படிக் குழைய மாட்டேன், வந்த காரியத்தை நேராகக் கேட்பேன். கேட்டாள், காலேஜிலும் கேட்டாள், வேலைக்கான நேர்முகத்திலும் கேட்டாள். அதனால்தான் வெடுக்கு.

"எழுதல கண்ணு, எனக்கு எங்க எழுத வரும்" என்றாள் மடிப்பக்கா. "மைக்கை அமுக்கிட்டுப் பேசினா அதுவே எழுதிக்குது. அந்த டிராயர்ல இருக்கு போனு. எடுத்துப் பாரு."

கண்ணாடி கீறல் விழுந்த போன். தம்பியின் சிரித்த முகத்தைத் தொட்டதும் திறந்தது.

'வணக்கம் தம்பி நல்லா இருக்கீங்களா நான் மடிப்புப் பகுதியிலேர்ந்து பேசுறேன் மூணாம் ரோலர்ல கம்பி தொட்டா நிக்க மாட்டேங்குது கொஞ்சம் பாக்கச் சொல்லுங்க தொந்தரவுக்கு மன்னிக்கணும் தம்பி.'

கீழே தம்பியின் பதில். 'வணக்கம்! நான் உதவும் தம்பி. உங்களுக்கு எப்படி உதவலாம்?'

'வணக்கம் தம்பி திரும்பவும் நான்தான் அன்னிக்குச் சொன்னேன்ல மூணாம் ரோலரு இன்னும் ஆளு வரல.'

'வணக்கம்! நான் உதவும் தம்பி. உங்களுக்கு எப்படி உதவலாம்?'

'வணக்கம் தம்பி உங்களுக்கும் வேலை அதிகம்னு தெரியுது எத்தனை பேருக்குத்தான் பதில் சொல்லுவீங்க கோவிச்சுக்காதீங்க அந்த ரோலருதான்.'

'வணக்கம்!'

அவள் விரலால் தள்ளிக்கொண்டே போனாள். எல்லாச் செய்தியிலும் ரோலர் இருந்தது. எல்லாச் செய்தியிலும் வணக்கம் அதற்கு முன்னால் நின்றது.

கடைசியாக ஒன்று. 'வணக்கம் தம்பி ஒரு புதுப்பொண்ணு சேந்திருக்கு அதை மூணாம் ரோலர்ல போட்டுருக்காங்க சின்னப் புள்ள மெஷின் பழக்கமில்ல அதுக்காகத்தான் திரும்பத் திரும்பச் சொல்றேன் நீங்க ஆளு அனுப்புற வரைக்கும் அந்த இடத்துல நான் நின்னுக்கிறேன்.'

'வணக்கம்! நான் உதவும் தம்பி. உங்களுக்கு எப்படி உதவலாம்?'

அவள் ஸ்டூல் எதுவும் இல்லாமல் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

வரிசையில் முதல் சொல் வணக்கம். எல்லாப் பாடத்திலும் முதல் உதாரணம் அதுதான்: அவன் வணக்கம் என்றால் நீ வணக்கம் சொல்லு. இவளும் அதைத்தான் முதல் வரியாக எழுதினாள். தம்பி மேலிருந்து பார்ப்பான். வணக்கத்தைக் கண்டதும் வணக்கம் சொல்லிவிட்டுப் படுத்துவிடுவான். ரோலர் வரைக்கும் அவன் வந்ததேயில்லை. எழுதி முடித்த நாளிலிருந்து இன்று காலை வரை எத்தனையோ தடவை சோதித்தாள்; ஒரு தடவைகூட வணக்கம் சொல்லிச் சோதிக்கவில்லை. அவளுக்குத்தான் அந்தப் பழக்கமே கிடையாதே. வெடுக்கென்று கேட்டாள், வெடுக்கென்று பதில் வந்தது. உலகம் பூராவும் தன்னைப் போலவே பேசும் என்று நினைத்துக்கொண்டாள், அப்பாவோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டே.

"பக்கத்து லைன்ல ஒருத்தி இருக்கா" என்றாள் நாத்தனார். "'ஃபேன் ஓடல, என்னய்யா புடுங்குறீங்க'ன்னு தம்பிக்குப் போட்டா. மறுநாளே ஏணியைத் தூக்கிட்டு ஓடி வந்தான் ஆளு. வாயுள்ள புள்ள பொழைக்கும்னு சும்மாவா சொன்னாங்க. இவ இருக்காளே, மெஷின் கையைக் கவ்வும்போதுகூட 'தயவு செஞ்சு விடு'ன்னுதான் சொல்லியிருப்பா."

"அப்படி இல்ல அண்ணி. அந்தத் தம்பி நல்ல புள்ள. எந்நேரம் கூப்பிட்டாலும் முகம் சுளிக்காம முதல்ல வணக்கம்னு சொல்லும். நம்ம சூப்பர்வைசர் என்னிக்காவது எனக்கு வணக்கம் சொல்லியிருக்கானா?" இவள் பக்கம் திரும்பினாள். "இந்த விசாரணையில அந்தப் புள்ள வேலைக்கு ஒண்ணும் ஆகாதே கண்ணு? அது மேல எதுவும் வர வேண்டாம். அதுவும் யார்கிட்டயோ சொல்லித்தான் பாத்திருக்கும், மேல இருக்கிறவன் கேட்டிருக்க மாட்டான். நான் சொன்னேன்னு நீ சொல்லு அதுகிட்ட."

இதை இப்படியே விட்டுவிட்டுப் போகலாம். சரிங்க, சொல்றேன் என்று எழுந்து போகலாம்.

"அது ஆளு இல்லம்மா."

"என்ன?"

"தம்பின்னு யாரும் இல்ல. அது மெஷின். வணக்கம்னு வந்தா வணக்கம்னு சொல்லச் சொல்லி எழுதியிருக்கு. அதுக்கு மேல நீங்க சொன்ன எதையும் அது பாக்கல."

மடிப்பக்கா அவளையே பார்த்தாள். துண்டு நழுவித் தரையில் விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

"அப்ப, யாருமே கேக்கலையா?"

"இல்ல."

"அந்தப் பொண்ணைப் பத்திச் சொன்னேனே, அதுகூட?"

"இல்லம்மா."

"யாரு அதை எழுதுனது?" என்று நாத்தனார் எழுந்தாள். எழுந்த வேகத்தில் ஸ்டூல் பின்னால் சரிந்தது. "எந்த மகராசன் எழுதுனான்? அவன் கையைக் கொண்டுபோய் அந்த ரோலர்ல விடணும்."

"நான்தான்" என்றாள் இவள்.

நாத்தனாரின் வாய் திறந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக இருக்கும், ஒன்றும் வராமலே மூடியது. மடிப்பக்கா இவளுடைய கைகளைப் பார்த்தாள். மடியில் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடந்த இரண்டு கைகளை. அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"போனை டிராயர்ல வச்சிடு கண்ணு" என்றது குரல். "சார்ஜ் கம்மியா இருக்கு."

அந்தச் செய்திகளைப் படமெடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். நாத்தனார்தான் சரி என்று தலையை அசைத்தாள்.

வெளியே மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து அம்மாவுக்கு போன் போட்டாள். அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்குகிறவள். மகள் மத்தியானத்தில் கூப்பிட்டால் உலகம் அழிந்துவிட்டது என்று அர்த்தம் அவளுக்கு.

"என்னடி? வேலையை விட்டுட்டியா?"

"இன்னும் இல்ல."

"இன்னும் இல்லையா! வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா நீ? யாரைக் கடிச்ச?"

சொன்னாள். ஒன்று விடாமல் சொன்னாள். வணக்கத்தை முதல் வரியில் வைத்ததையும், தான் அதைச் சொல்லிப் பார்க்காததையும் சொன்னாள். மறுமுனையில் துடைப்பம் சுவரில் சாயும் சத்தம் கேட்டது. திட்டப் போகிறாள் என்று காத்திருந்தாள். உனக்கெதுக்கு ஊர் வம்பு என்பாள். இடம் பார்த்து நட, குனிஞ்சு போ, குடும்பத்தில் நீ ஒருத்திதான் படித்தவள் என்பாள். எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தாள்.

"அந்தம்மா வீட்டுல சமைக்க யாரு இருக்கா?" என்றாள் அம்மா.

இவளுக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. கேட்கத் தோன்றவேயில்லை. போனை வைத்த பிறகுதான் அழுகை வந்தது. போவோர் வருவோர் ஆஸ்பத்திரி வாசல்தானே என்று பார்க்காமல் போனார்கள்.

ஆபீசுக்குத் திரும்பியதும் யாரிடமும் பேசாமல் கணினியைத் திறந்தாள். முதலில் அந்த வரி. 'வணக்கம்' என்று தொடங்கும் விதியை வெட்டி எடுத்து, எல்லாவற்றுக்கும் கடைசியில் கொண்டுபோய் ஒட்டினாள். வேறெதுவும் தட்டுப்படாவிட்டால் மட்டும் தம்பி இனி வணக்கம் சொல்வான். மடிப்பக்காவின் முதல் செய்தியை அப்படியே எழுத்து பிசகாமல் அடித்தாள். 'உங்கள் புகார் பராமரிப்புப் பிரிவுக்கு அனுப்பப்பட்டது.' வெட்டி ஒட்டும் வேலை. காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. மற்ற தொழிலாளிகள் இன்னும் அங்கே நின்றுகொண்டிருக்கிறார்களே என்று திருத்தியதை உடனே லாண்டரிக்கு ஏற்றினாள். திருத்துவதற்கு முந்தைய பிரதி ஒன்றைச் சாட்சிக்காகப் பென்டிரைவில் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

மேனேஜர் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். "என்ன, கண்டுபிடிச்சிட்டியா?"

காட்டினாள். போனிலிருந்த படங்களையும் காட்டினாள். அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். புதுப்பொண்ணு பற்றிய செய்தியில் கொஞ்ச நேரம் நின்றார். அவர் ராட்சசன் இல்லை. நேர்முகத்தில் மற்ற கம்பெனிக்காரர்களெல்லாம் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தபோது, கேட்காமலே வேலை கொடுத்த ஒரே ஆள் அவர்தான்.

"ச்சே" என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரி. இப்பச் சரி பண்ணிட்டல்ல? இனிமே யாருக்கும் இப்படி ஆகாது. அதுதான் முக்கியம். கையெழுத்துப் போட்டுடு."

"'புகார் வரல'ன்னு இருக்கு சார் அதுல."

"பதிவுல வரலதானே? பதிவு பொய் சொல்லுதா?"

"பதிவை எழுதுனதும் நான்தான். அது பொய் சொல்லுது."

"மெதுவாப் பேசு." குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரு. தம்பி 'உங்களுக்கு எப்படி உதவலாம்'னு ஒவ்வொரு தடவையும் கேட்டிருக்கான். அதுக்கு அந்தம்மா பதில் சொல்லலாம்ல? அங்க அப்படித்தான் சொல்லப் போறாங்க. 'கேட்டோம், அவங்கதான் விளக்கமாச் சொல்லல'ன்னு. போனைக் காட்டினாலும் அதேதான். தம்பி ஏன் அப்படிச் சொன்னான்னு அந்த ரூம்ல யாருக்கும் விளங்காது."

"அதான் நான் போய் விளக்கப் போறேன்."

"போயி? 'நான் கத்துக்குட்டி, வரிசை மாத்தி எழுதிட்டேன், ஒரு பொம்பளைக்குக் கை போயிடுச்சு'ன்னு சொல்லப் போறியா? நாளைக்கு உன் பேரைத் தட்டினா அதுதான் முதல்ல வரும். எவன் வேலை குடுப்பான்? உங்கப்பா மூட்டை தூக்கிப் படிக்க வச்சது இதுக்கா?"

"எங்கப்பாவை இழுக்காதீங்க சார்."

"நான் உன் நல்லதுக்குச் சொல்றேன்."

"எங்கப்பா அந்த லாண்டரியில வேலை செஞ்சிருந்தா, அவரும் வணக்கம் சொல்லித்தான் ஆரம்பிச்சிருப்பாரு." அவள் குரல் உடையவில்லை. உடையாதது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "அவருக்கும் இதே பதில்தான் போயிருக்கும். நான் எழுதுன பதில்."

மேனேஜர் நெற்றியைத் தேய்த்தார். "நீ எழுதுனது. சரி. பாத்து ஓகே பண்ணது யாரு? நீ மட்டுமா மாட்டுவ? அவனுக்கு ரெண்டு புள்ளைங்க." தலையைக் கண்ணாடி இருந்த மூலைப் பக்கம் ஆட்டினார்.

எல்லோரும் அந்தப் பக்கம் பார்த்தார்கள். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார் அவர். துடைக்கவில்லை. கண்ணாடி இல்லாத முகம் அம்மணமாக இருந்தது.

"நானும் பாத்தேன்" என்றார் மெல்ல. "வணக்கம் மேலதான் இருந்துச்சு. எல்லாரும் அப்படித்தான் வைக்கிறது. ஒண்ணும் தோணல."

"என்னோட வர்றீங்களா சார்?"

அவர் திரையைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார். மேசையில் ஒட்டியிருந்த பிள்ளைகளின் படத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஏற்கனவே திறந்திருந்த ஒரு ஃபைலை மறுபடி திறந்தார். அவர் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். காலையிலிருந்து அத்தனை கோபமும் ஒரே திசையில், தன்னை நோக்கியே வந்து கொட்டியதில் மற்றவர்களுக்குக் கொடுக்க மிச்சமில்லை.

காகிதத்தை எடுத்தாள். மேனேஜர் பேனாவை நீட்டினார். அவள் பேனாவை வாங்கி, 'புகார் எதுவும் வரவில்லை' என்ற வரியைக் கோடு போட்டு அடித்து, அதன் மேல் சின்ன எழுத்தில் எழுதினாள்: 'பலமுறை வந்தது. நான் எழுதிய புரோகிராம் முதல் சொல்லோடு நிறுத்திவிட்டது.' கீழே கையெழுத்துப் போட்டாள். மடித்துப் பையில் வைத்தாள்.

"அதை இங்க குடு."

"நானே கொண்டுபோய்க் குடுத்திடுறேன். அங்கதான் போறேன்."

"அந்தக் கதவைத் தாண்டினா நாளைக்கு வர வேண்டியதில்லை" என்றார் மேனேஜர். சத்தம் போடவில்லை, மிரட்டலைவிட வருத்தம்தான் அதில் கூடுதலாக இருந்தது. "கேட்டுச்சா? இத்தனைக்கும் அந்தம்மாவுக்குக் கை திரும்ப வரப் போறதில்லை."

"தெரியும் சார்."

அது அவளுக்குத் தெரிந்த அளவுக்கு அந்த அறையில் வேறு யாருக்கும் தெரியாது. சார்ஜரைப் பிடுங்கினாள். சாப்பாட்டு டப்பா திறக்காமலே கனத்தது. மேசை மேலிருந்த தன் தண்ணீர் பாட்டிலை எடுத்தாள், யோசித்தாள், அங்கேயே வைத்துவிட்டாள். அவள் நாற்காலியைச் சுற்றி வழிவிட்டு ஒதுங்கியவர்களில் ஒருவரும் அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

படியில் டயர் வாடை ஏறி வந்தது. லாண்டரி இருக்கும் தெருவுக்கு பஸ் பிடிக்க வேண்டும். விசாரணைக்கு இன்னும் நேரம் இருக்கிறது, ஆனால் முன்னாலேயே போய் வாசலில் நின்றுவிடுவது நல்லது. உள்ளே விடமாட்டேன் என்பார்கள், யார் நீ என்பார்கள். சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தபடியே இறங்கினாள். மேலே யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் நிற்கவில்லை.